முதலாளிக்கு ஒரு கஷ்டம் தேவை

"ஒரே ஒரு கஷ்டமாவது சொல்லுங்க முதலாளி," என்றார் ரெம்பெர்த்தோ. காலையிலிருந்து அவர் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான்.

வால்தெர் தட்டிலிருந்த, இறைச்சி அடைத்துச் சுட்ட சால்தேஞாவை எடுத்து, முனையைக் கடித்து, உள்ளே கொதித்த இறைச்சிச் சாற்றை ஒரு சொட்டுகூடச் சட்டையில் சிந்தாமல் உறிஞ்சினார். கொச்சபாம்பாவில் எந்தத் தெருவில் திரும்பினாலும் அவருடைய சால்தேஞா கடை இருக்கும். நல்ல மனிதர். யோசிக்கச் சொன்னால் உண்மையாகவே யோசிப்பார்.

"ஒரு தடவை பல்லு வலிச்சுது."

"பல்லெல்லாம் கணக்குல வராது."

"கடவாய்ப் பல்லு வாத்தியாரே."

ரெம்பெர்த்தோ பேனாவை வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டார். ஒரு காலத்தில் பள்ளிக்கூட வாத்தியார். இப்போது மற்றவர்களுக்குப் பேச்சு எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறவர். மேயருக்குத் திறப்புவிழா உரை, மணப்பெண்ணின் அப்பாவுக்கு நன்றியுரை, போய்ச் சேர்ந்தவருக்கு இரங்கலுரை. சிகரப் பேரவை என்று ஊரில் ஒன்று உண்டு. வருடா வருடம் வாழ்க்கையில் ஜெயித்த ஒருவரை மேடையேற்றி, கல்லூரிப் பிள்ளைகளுக்கு விடாமுயற்சி பற்றிப் பேச வைப்பார்கள். அந்தப் பேச்சும் இவர் எழுதுவதுதான். ஜெயித்தவர்களையெல்லாம் காகிதத்தில் பள்ளத்தில் தள்ளி, கைதூக்கிவிட்டு, சிகரத்தில் உட்கார வைத்தே அவருடைய இடுப்பு தேய்ந்துவிட்டது. அவர் மட்டும் இன்னும் லிஃப்ட் இல்லாத வாடகை வீட்டுக்கு மூச்சு வாங்க மாடி ஏறிக்கொண்டிருந்தார்.

இந்த வருடப் பேச்சு நன்றாக அமைந்தால் பேரவை அலுவலகத்திலேயே நிரந்தரமாக ஒரு நாற்காலி தருவதாகச் செயலாளர் மிர்த்தா சொல்லியிருந்தாள். வேலையைவிட அந்த நாற்காலி மேல்தான் அவருக்கு ஆசை. சாய்மானம் உள்ள நாற்காலி.

"அப்பா எப்படி?" என்று கேட்டார்.

"நான் கைக்குழந்தையா இருக்கும்போதே போயிட்டார்."

ரெம்பெர்த்தோ நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆஹா! அதாவது... அடடா. சொல்லுங்க, சொல்லுங்க."

"என்னத்தைச் சொல்ல? முகமே ஞாபகம் இல்லை. ஞாபகம் இல்லாதவருக்கு எப்படி அழறது? எங்கம்மா பார்த்துக்கிட்டாங்க."

"சாப்பாடு?"

"அதுக்கென்ன குறை? அம்மாவுக்கு ராத்திரியில பசிக்கவே பசிக்காது. அவங்க சூப்பையும் நான்தான் குடிப்பேன்."

"பள்ளிக்கூடம்? செருப்பு?"

"செருப்பா? பளபளன்னு ஷூ! வளர்ந்ததும் அம்மா ஒரு அடுப்பு போட்டுக் கடை வெச்சுக் கொடுத்தாங்க. ஜனங்க வந்து சாப்பிட்டாங்க. இன்னொரு கடை போட்டேன். அங்கேயும் வந்து சாப்பிட்டாங்க." வால்தெர் பிடிபட்டவர்போல இரண்டு கையையும் விரித்தார். "நான் என்ன வாத்தியாரே பண்ண முடியும்?"

ரெம்பெர்த்தோ வீட்டுக்குப் போய், வழக்கமான கஷ்டங்களில் இரண்டை எடுத்துப் போட்டுப் பேச்சை எழுதினார். ஒழுகும் கூரை, வெறுங்கால்.

மிர்த்தா படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள். "மறுபடியும் வெறுங்காலா சார்? போன வருஷம் வந்த சிமெண்ட்காரர் வெறுங்கால். அதுக்கு முந்தி வந்த பஸ் முதலாளி வெறுங்கால். இந்த ஊர்ல முன்னுக்கு வந்த ஒருத்தர்கூடச் செருப்பு போட்டதில்லையா?"

"கூரை ஒழுகுதே மேடம்."

"எங்க வீட்லயும்தான் ஒழுகுது. என்னை யாராவது மேடைக்குக் கூப்பிட்டாங்களா? புதுசா ஏதாவது வேணும் சார். கேட்ட உடனே நெஞ்சை அடைக்கணும்."

ரெம்பெர்த்தோ மறுபடியும் மாடி ஏறினார். மேசையில் ஊதாச் சோளக்கஞ்சி ஆறிப் போய் ஆடை கட்டியிருந்தது. இன்னொரு குழந்தையைப் பட்டினி போட அவருக்குத் தெம்பில்லை. அதனால், ஒரு மாறுதலுக்கு, அம்மாவைக் கஷ்டப்படுத்தினார்.

கணவன் இறந்ததும் அந்தத் தாய் வேலை தேடி ரயில்வே சரக்குக் கொட்டகைக்குப் போகிறாள். அங்கே மூட்டை தூக்கப் பெண்களைச் சேர்ப்பதில்லை. மறுநாள் செத்துப்போன கணவனின் கால்சட்டையை மாட்டிக்கொள்கிறாள். இரட்டைப் பின்னலைத் தொப்பிக்குள் திணிக்கிறாள். மேலுதட்டில் கரியைத் தேய்த்துக்கொண்டு ஆம்பளையாகப் போய் வரிசையில் நிற்கிறாள். சாயங்காலம் ஒரு சுவருக்குப் பின்னால் நின்று பழையபடி அகலப் பாவாடையைக் கட்டிக்கொண்டு, முகம் கழுவி வீட்டுக்கு வருகிறாள். அம்மா சந்தையில் காய்கறி விற்றுவிட்டு வருகிறாள் என்று மகன் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

எழுதி முடித்ததும் அவருக்கே வெட்கமாக இருந்தது. இதை ஒருவரும் நம்ப மாட்டார்கள், வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள், நாமும் கொஞ்சம் படுக்கலாம் என்று நினைத்தார்.

வால்தெர் படித்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"இது எப்ப வாத்தியாரே நடந்துச்சு?"

"நடக்கலை முதலாளி. நான் எழுதினது."

"இருந்தாலும் பாவம்," என்று மூக்கைச் சிந்தினார்.

மறுநாளே கடை ஆட்களிடம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். சொல்லச் சொல்ல அவருக்கே எல்லாம் ஞாபகம் வந்தது. வெங்காய மூட்டையாக ஆரம்பித்தது சர்க்கரை மூட்டையாகி, வார இறுதிக்குள் பியானோ ஆகிவிட்டது.

பேரவையிலிருந்து போன் வந்தது. "சார், அழுதுட்டேன்," என்றாள் மிர்த்தா. "கமிட்டியே அழுதுட்டுது. தலைவர் வெளியில போய் அழுதுட்டு வந்தார். அதனால ஒரு முடிவு பண்ணியிருக்கோம். அந்தத் தாயை மேடையிலேயே வெச்சு கௌரவிக்கப் போறோம்! அவங்க ஊர் தராத்தாவுக்கே ஆள் போய் அழைச்சாச்சு. வர்றேன்னு சொல்லிட்டாங்க."

ரெம்பெர்த்தோ மாடிப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

வால்தெருக்குச் செய்தி எட்டியபோது அவர் முகம் வேகாத மாவு நிறத்துக்குப் போனது. "என்னைக் கொன்னே போட்டுட்டியே வாத்தியாரே! எங்கம்மா யாருன்னு தெரியுமா? பாவாடை மடிப்பு கலைஞ்சா கோயில்ல மண்டிபோட மாட்டாங்க. அவங்களைக் கால்சட்டை போட்டவ, மீசை வெச்சவன்னு நான் சபையில சொல்றதா? ஊர்ல தலைகாட்ட முடியுமா அவங்களால?"

"அது பக்கத்து வீட்டு அம்மான்னு மாத்திடறேன்."

அதற்குள் ஊர்ச் சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டியாகிவிட்டது. கால்சட்டை போட்ட ஒரு பெண் மூட்டையோடு சூரியனைப் பார்த்து நடக்கிறாள். கீழே கொட்டை எழுத்தில் 'என் தாய்', அதற்குக் கீழே வால்தெரின் பெயர்.

"அப்ப எனக்குக் காய்ச்சல்," என்றார் வால்தெர்.

"காய்ச்சல்னா அம்மா நேரா உங்க வீட்டுக்கு வருவாங்க. போஸ்டர் பார்த்துக்கிட்டே வருவாங்க."

வால்தெர் காய்ச்சலைக் கைவிட்டார். "அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, அது வரைக்கும் தப்பிச்சோம். படத்தைப் பார்த்தா யாரோன்னு நினைச்சுப்பாங்க. ஆனா காது? கெச்சுவாதான் அவங்களுக்குத் தாய்மொழி. சந்தையில பேசற ஸ்பானிஷும் நல்லாவே புரியும்."

"சந்தை ஸ்பானிஷ்தானே புரியும்?" ரெம்பெர்த்தோவின் களைத்த கண்ணில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. பள்ளிக்கூடத்தில் இலக்கணம் நடத்தியவர் அல்லவா? "எவனுக்கும் புரியாத ஸ்பானிஷ் ஒண்ணு இருக்கு முதலாளி. அதுல எழுதிடறேன்."

அப்படியே எழுதினார். அகராதியில் தூசி படிந்து கிடந்த சொற்களையெல்லாம் தட்டி எழுப்பி வந்து வரிசையில் நிறுத்தினார்.

விழா மண்டபம் நிரம்பி வழிந்தது. முதல் வரிசையில், உயரமான வெள்ளைத் தொப்பியும் கஞ்சி போட்டு விறைத்த பாவாடையுமாக வால்தெரின் தாய் காசில்தா அம்மா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு சின்னப் பெண்.

"அது யாரு?" என்று மிர்த்தாவைக் கேட்டார் ரெம்பெர்த்தோ.

மிர்த்தா பெருமையாகச் சிரித்தாள். "பேச்சு இந்தத் தடவை கொஞ்சம் கடினமா இருக்கே சார். அந்தம்மாவுக்கு ஒரு வார்த்தைகூட விட்டுப் போயிடக் கூடாதுன்னு மொழிபெயர்க்கப் பொண்ணு ஏற்பாடு பண்ணிட்டேன். கெச்சுவா பிரமாதமாப் பேசுவா."

ரெம்பெர்த்தோ வளைந்த இடுப்போடு அந்தப் பெண்ணிடம் போய்க் காதோரம் சொன்னார். "வார்த்தைக்கு வார்த்தை வேண்டாம்மா. பையன் கடை வெச்சான், நல்லா நடந்துச்சு. இவ்வளவுதான் விஷயம்."

"அப்படிச் சொல்லக் கூடாது சார். இதுக்குன்னே படிச்சவ நான்," என்றாள் அவள்.

வால்தெர் மேடையேறினார். வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. அம்மா பக்கம் பார்க்காமல் காகிதத்தைப் பார்த்து வாசித்தார்.

"எனை ஈன்றாள், மாய்ந்துபட்ட தன் மணாளனின் இருகிளைக் கீழாடையைப் பூண்டு, இருப்புப்பாதைப் பண்டகசாலையில் பொதி சுமந்தனள்..."

மாணவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காசில்தா அம்மா தொப்பியைச் சரிசெய்துகொண்டு மகனைப் பெருமையாகப் பார்த்தார். ஒன்றும் புரியாத முகம். ரெம்பெர்த்தோ பல நாள் கழித்து ஒழுங்காக மூச்சு விட்டார்.

அந்தப் பெண் எழுந்து கையைத் தூக்கினாள். "மன்னிக்கணும் ஐயா. இருகிளைக் கீழாடைன்னா என்ன?"

வால்தெர் காகிதத்தைப் பார்த்தார். ரெம்பெர்த்தோவைப் பார்த்தார். அவருக்கே தெரியவில்லை.

"பேன்ட்டு!" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்.

"பண்டகசாலை?"

"சரக்குக் கொட்டகை! ரயில்வே சரக்குக் கொட்டகை!" இப்போது மண்டபமே சேர்ந்து உதவியது. ஒரு மாணவன் நாற்காலிமேல் ஏறி மூட்டை தூக்குவதுபோல நடித்தே காட்டினான்.

அந்தப் பெண் குனிந்து எல்லாவற்றையும் சுத்தமான கெச்சுவாவில் காசில்தா அம்மாவின் காதில் சொன்னாள். அவர் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல வடிந்தது. உதடு வெளுத்தது. எழுந்தார். மகனை ஏறிட்டும் பார்க்காமல், பாவாடை சரசரக்க வெளியே நடந்தார்.

"அம்மா!" என்றார் வால்தெர். அவர் கையிலிருந்த காகிதங்கள் மேடையெல்லாம் பறந்தன.

ரெம்பெர்த்தோ பின்னாலேயே போனார். ஓட முடியவில்லை, போனார். நாற்காலி போயிற்று என்பது தெரிந்துவிட்டது. ஆனாலும் எழுதியது தான்தான் என்று யாராவது அந்த அம்மாளிடம் சொல்ல வேண்டும்.

காசில்தா அம்மா தாழ்வாரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலைக்கு மேலே ஒலிபெருக்கியில் வால்தெரின் குரல் உடைந்து வந்தது.

"பிள்ளைங்களா, அவ்வளவும் பொய். எங்கம்மா அப்படியெல்லாம் பண்ணினதே இல்லை. எனக்கு ஒரு கஷ்டமும் வந்ததில்லை. நான் விழுந்ததும் இல்லை, எழுந்ததும் இல்லை. பசின்னா எப்படி இருக்கும்னுகூட எனக்குத் தெரியாது. உங்களுக்குச் சொல்லித்தர எங்கிட்ட ஒண்ணுமே இல்லைப்பா. கடைக்கு வாங்க, சால்தேஞா தர்றேன்."

உள்ளே கைதட்டல் கூரையைத் தூக்கியது. சிமெண்ட்காரருக்குக்கூட இவ்வளவு விழவில்லை.

காசில்தா அம்மா கண்ணை மூடி, அதை முழுக்கக் கேட்டார். நெஞ்சு ஏறி இறங்கியது. கோபத்தை அடக்குகிறார் என்று ரெம்பெர்த்தோ நினைத்தார். தன் தொப்பியைக் கழற்றி, அறை விழுவதற்கு வசதியாகக் கன்னத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார். அவ்வளவு களைப்பில் அதுகூட ஒரு முடிவாகத்தான் தோன்றியது.

"என்னை அடிங்கம்மா. உங்க பையன் மேல ஒரு தப்பும் இல்லை. நான்தான் வீட்டுல உட்கார்ந்து எல்லாத்தையும் கற்பனை பண்ணி எழுதினேன்."

அந்த அம்மாள் அவர் சட்டைக் காலரைப் பிடித்துக் கிட்டே இழுத்தார். கதவு மூடியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"கற்பனை கிற்பனைன்னு மழுப்பாதே தம்பி, நான் பொம்பளைன்னு அந்தக் கொட்டகை மேஸ்திரிக்கே கடைசி வரைக்கும் தெரியாதே, உனக்கு யாரு சொன்னது?"