நூலகத்தில் எல்லோருக்கும் திருப்தி

வில்யாரிக்கா, செவ்வாய்க்கிழமை

மரியாதைக்குரிய டியோலிந்தா அக்காவுக்கு, தம்பி சின்ஃபோரியானோ வணக்கத்துடன் எழுதுவது. என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. முகத்தைத்தான் வெளியே காட்ட முடியவில்லை. அத்தானின் முட்டிவலி தேவலையா?

வெள்ளிக்கிழமை விழாவுக்குக் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தேனே, வர வேண்டாம். எங்கள் கல்லூரி நூலகத்தைப் பற்றி மாணவர்களிடம் கருத்துக் கேட்டதில், நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் 'மிகவும் திருப்தி' என்று எழுதியது உண்மைதான். நூலகர் என்ற முறையில் எனக்கு அந்த விழாவில் பாராட்டுப் பத்திரம் என்றதும் தலைகால் புரியாமல் ஊரெல்லாம் சொன்னேன், முடிவெட்டுபவரைக்கூட விடவில்லை. நேற்று ஆசிரியர் கூட்டத்தில் முதல்வரம்மா படிவங்களைத் திருப்பி, பிள்ளைகள் காரணம் எழுதிய பக்கத்தைச் சத்தமாகப் படித்தார். "ஐஸ் தண்ணி எப்பவும் இருக்கு." "தெரெரே பானத்துல போடுற புதினாவ சாரே இடிச்சுத் தர்றாரு." "ஃபேனுக்குக் கீழ தூங்குனா எழுப்ப மாட்டாங்க." புத்தகம் என்ற சொல் ஒரே ஒரு படிவத்தில் வந்தது: "தலைக்கு வெச்சுக்க தடிமனா புத்தகம் கெடைக்குது."

"ஏன் சார், நீங்க நடத்துறது நூலகமா, தெரெரே கடையா?" என்று கேட்டார். வேதியியல் ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தார். எனக்கு உயிரே போய்விட்டது அக்கா. வெயிலுக்கு ஒதுங்கின பிள்ளைங்க, குளிர்ச்சியா குடிக்கக் கொடுத்தா உக்காரும், உக்காந்தா படிக்கும்னு நெனச்சேன். உக்காந்துச்சு, அதோட சரி. இந்த மாதத்துக்குள் யாராவது படிப்பதைக் கண்ணால் பார்க்காவிட்டால், முதல்வரம்மா நூலகக் கூடத்தைக் கேன்டீனாக்கி அலமாரிகளைக் கிடங்கில் போடப்போகிறாராம். இருபத்திரண்டு வருடமாக நான் தூசி தட்டிய புத்தகங்கள். எனவே இன்று காலை ஐஸ் பெட்டியையும் உரலையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். இனி அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது, இது சத்தியம்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள். காக்குப்பே மாதா உங்கள் வீட்டில் எவரையும் என்போல் தலைகுனிய விடாமல் காக்கட்டும்.

தம்பி,
சின்ஃபோரியானோ

பி.கு.: புதன்கிழமை. உறையை ஒட்டாமல் வைத்திருந்தேன். இன்று நாற்பது பேர் திரண்டு வந்து, ஐஸ் தண்ணீர் கேட்டு மனு எழுத உட்கார்ந்தார்கள். விதிகளைத் தேடச் சட்டப் புத்தகங்கள் கேட்டார்கள், வெயிலின் கொடுமையை நிரூபிக்க மருத்துவப் புத்தகங்கள், பிழையில்லாமல் எழுத அகராதி. மூன்று மணி நேரம் ஒருவரும் தலை நிமிரவில்லை. முதல்வரம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "மன்னிச்சுக்கங்க சார், உங்களத் தப்பா பேசிட்டேன்" என்று கண் கலங்கிப் போனார். அவர்கள் எழுதுவது ஐஸ் தண்ணீருக்கான மனு என்று நான் அவரிடம் சொல்லவில்லை, அதுதான் எல்லாவற்றையும்விட வெட்கமாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை எல்லோரும் வந்துவிடுங்கள். வரும்போது உங்கள் தோட்டத்துப் புதினா இரண்டு கட்டு.