வலிச்சா மருமகளைத் திட்டுங்க, மதாம்!

பாண்டிச்சேரியில் பாதி மாமியார்களுக்குக் கண் தெரிந்ததற்கும், பாதி மருமகள்களுக்கு மானம் போனதற்கும் ஒரே ஒரு ஆள்தான் காரணம். அவர் பட்டரி முசே. முசே என்றால் எங்கள் ஊரில் ஐயா என்று அர்த்தம். பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ, அது அவருக்கே மறந்திருக்கும்.

சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். இடுப்பில் வெள்ளை வேட்டி, காலில் பட்டாளத்துக் கறுப்புப் பூட்ஸ். தலையில் ஒரு முடி கிடையாது. அத்தனையும் காது வழியாக வெளியே வந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவின் கோடியில் அவருக்கு ஒரு சின்ன அறை. உள்ளே ஒரு நாற்காலி, ஒரு பூதக்கண்ணாடி, ஒரு மரப்பெட்டி. பெட்டிக்குள்ளே கரண்டு தரும் பட்டரி. அதிலிருந்து இரண்டு ஒயர் வரும். ஒன்றின் முனையில் ஈரத்துணி சுற்றிய பித்தளைக் குழாய். அதை வைத்தியத்துக்கு வந்தவர் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொன்றின் முனையில் முடியைவிட மெல்லிய ஊசி. கண்ணுக்குள் திரும்பி முளைக்கிற இமை முடியின் வேரில் அந்த ஊசியை விட்டு, கரண்டு கொடுத்து, வேரையே கருக்கிவிடுவார். அதுதான் அவர் உத்தியோகம்.

ஒவ்வொரு ஆளுக்கும் ஆரம்பிக்கும் முன்னால் ஒயர் இரண்டையும் தன் நாக்கில் வைத்துப் பார்ப்பார். ரசத்துக்கு ருசி பார்ப்பது போலக் கண்ணை மூடிச் சப்புக்கொட்டுவார். "புளிப்பு பத்தல" என்று பெட்டியில் ஒரு திருகைத் திருப்புவார். மறுபடியும் நாக்கு. "வொய்லா! இப்ப சரியா கீது" என்று பிரெஞ்சு கலந்து அறிவிப்பார்.

வெள்ளைக்காரன் கொடி இறங்கிய மறு வருஷம் என் மாமியாரை அவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். மாமியாருக்கு வலது கண் ஏற்கெனவே போய்விட்டது. மிச்சம் இருந்த இடது கண்ணில் புரை. அந்தக் கண்ணின் இமையில் எட்டு முடி உள்பக்கம் திரும்பி, இமைக்கும்போதெல்லாம் கருவிழியைத் துடைப்பம் போலப் பெருக்கிக்கொண்டிருந்தன. அரியாங்குப்பத்தில் எங்கள் தெருக்காரி ஒருத்தி முள்வாங்கியால் பிடுங்கிவிடுவாள். ஒரு மாதம் நிம்மதி. அப்புறம் முன்னைவிட விறைப்பாக முளைக்கும்.

கண் அறுக்கிற பெரிய டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "இந்த முடி இருக்கற வரைக்கும் நான் கத்திய தொட மாட்டேன். அறுத்த கண்ணுல ஒரசி சீழ் புடிச்சா இருக்கற கண்ணும் போயிடும். வேரோட எடுத்துட்டு வா. எடுத்ததுக்கப்புறம் ரெண்டு மாசம் ஒண்ணுகூட மொளைக்காம இருக்கணும்."

முதல் செவ்வாய்க்கிழமை. நான் பின்னால் நின்று மாமியாரின் நெற்றியைப் பிடித்துக்கொண்டேன். ஊசி பட்டதுதான் தாமதம், மாமியார் உதைத்த உதையில் பூதக்கண்ணாடி மூலைக்குப் போய் விழுந்தது. முசே கோபித்துக்கொள்ளவில்லை. கண்ணாடியை எடுத்து வேட்டியில் துடைத்தார்.

"கண்ணு மருந்து ஊத்தி மரத்துப்போச்சி மதாம். இமைக்கும் மரப்பு ஊசி போட்டா வீங்கிடும். அப்புறம் வேரு எங்கன்னு நான் தேடிக்கிட்டு இருக்கணும். அதனால இமைக்கு நம்ம மருந்தே வேற. உங்களுக்கு யாரக் கண்டா ஆவாது?"

மாமியார் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கையை உயர்த்திப் பின்பக்கம் என்னைக் காட்டினார்.

"பியேன், ரொம்ப நல்லது! நல்லா திட்டுங்க. வாயி எவ்ளோ வேணா ஆடலாம், நெத்தி ஆடக்கூடாது."

மாமியார் ஆரம்பித்தார். "இவ வந்த அன்னிக்கே பால் பொங்கி அடுப்பு அணைஞ்சிபோச்சி முசே. துணி தொவச்சா பாதி அழுக்கு துணியில, மீதி இவ பொடவையில. எம்புள்ள போதும் போதும்னு கைய மறைப்பான், அந்தக் கை மேலயே கொழம்ப ஊத்துவா..."

"அப்புறம் மதாம்?"

"அப்புறமா? இவ அம்மாக்காரி இருக்காளே..."

முடியின் வேரில் வெள்ளையாகக் கொஞ்சம் நுரை தட்டியது. முசே சின்ன இடுக்கியால் தொட்டார். வெண்ணெயில் சிக்கிய நூல் போல முடி வழுக்கிக்கொண்டு வந்தது. மாமியாருக்கு அது தெரியவே தெரியாது. அவர் அப்போதுதான் என் அம்மாவை முடித்துவிட்டு என் சித்தியிடம் போயிருந்தார். வராந்தாவில் காத்திருந்தவர்களெல்லாம் நகர்ந்து நகர்ந்து கதவோரம் வந்துவிட்டார்கள். பிள்ளைச்சாவடியிலிருந்து வந்த ஒரு பெண், "சித்திய பத்தி இன்னொரு தரம் சொல்லச் சொல்லுங்க, சரியா கேக்கல" என்றாள்.

ஒன்றரை மாதத்தில் எட்டில் ஐந்து முடி திரும்ப முளைத்துவிட்டன. நான் வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதேன். முசேவோ பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, பேரன் பிறந்த செய்தி கேட்டவர் போலக் கூத்தாடினார்.

"அழுவாத பொண்ணே, இங்க வந்து பாரு! போன தடவ கம்பி, இப்ப பூன முடி. நெறமும் வெளுத்துப்போச்சி. வேரு சாவுதுன்னு அர்த்தம். இது ஒண்ணுதான் அப்பிடியே முறைக்குது. இதுக்குக் கொமிசேர்னு பேரு வச்சிட்டேன்."

கொமிசேர் என்றால் போலீசுப் பெரிய அதிகாரி. அன்றிலிருந்து ஒவ்வொரு செவ்வாயும் அதைப் பார்த்துச் சல்யூட் வைப்பார். "வெள்ளைக்காரனே கப்பல் ஏறிட்டான், இவரு மட்டும் நாற்காலிய வுட மாட்டேங்கறாரு."

இதற்குள் வேறொரு கஷ்டம் வந்துவிட்டது. என்மேல் சொல்லக் குறை தீர்ந்துபோயிற்று. சொன்னதையே சொல்ல மாமியாருக்கே அலுத்தது. சூடு இல்லாத திட்டுக்கு வலி அடங்கவில்லை. முசே என்னைத் தனியே கூப்பிட்டார்.

"பொண்ணே, சரக்கு தீந்துபோச்சி. நீதான் புதுசா குடுக்கணும்."

"என்னாத்த முசே?"

"தப்பு. வாரத்துக்கு ஒண்ணு. திங்கக்கெழம பண்ணு, செவ்வாக்கெழமைக்கு சூடா இருக்கும்."

எனக்கு மூன்றாங் கிளாஸோடு படிப்பு நின்றது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. என் மீன் குழம்பு கொதித்தால் இரண்டு தெரு தள்ளிக் கிண்ணத்தோடு ஆள் வரும். அப்படிப்பட்ட குழம்பில் நானே வேண்டுமென்று மூன்று பிடி உப்பை அள்ளிப் போட்டேன். என் வீட்டுக்காரர் ஒரு வாய் வைத்துவிட்டு, "கடல மொண்டு ஊத்தினியா?" என்று செம்புத் தண்ணீர் முழுவதையும் குடித்தார். காரணம் சொன்னால் மாமியார் காதுக்குப் போய்விடும். இன்னொரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். அடுத்த வாரம் கருவாட்டைக் கருக்கினேன். அதற்கடுத்த வாரம் கன்றை அவிழ்த்துவிட்டுப் பாலை எல்லாம் குடிக்க வைத்தேன். நான் சமையல் மறந்துவிட்டேன் என்று ஊரெல்லாம் பேச்சு. ஆனால் செவ்வாய்க்கிழமை தோறும் மாமியாரின் வாயில் நெருப்புப் பறந்தது, பூனை முடிகள் ஒவ்வொன்றாகப் போயின. கடைசியில் கொமிசேர் ஒருவர்தான் பாக்கி.

அந்தத் திங்கட்கிழமை வெண்பொங்கலை அடிபிடிக்க வைத்தேன். மாமியார் குறை சொல்லாமல் தட்டை வழித்துச் சாப்பிட்டார். நாளைக்குச் சரக்குக்கு எங்கே போவது?

மறுநாள் முசே ஊசியைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "இந்த வாரம் மருமவ என்னா பண்ணா மதாம்?"

"ஒண்ணும் பண்ணல."

"பொங்கல் தீஞ்சிச்சாமே?"

"வேணும்னே தீய வச்சா. கண்ணுதான் போச்சி, நாக்கு போவல முசே. ஏழு வருஷமா இவ கையால சாப்புடறேன், இவளுக்கு உப்பு தெரியாதா? எனக்காவ எட்டு வாரமா கெட்ட பேரு வாங்கறா. இனிமே இவள நான் திட்ட மாட்டேன்."

முசேவின் முகம் விழுந்துவிட்டது. "மதாம், இப்பிடி நல்ல வார்த்த பேசினா வலிக்குமே!"

"அப்ப ஒன்னத் திட்றேன். வையிடா ஊசிய!"

அப்புறம் வந்தது பாருங்கள். "வேட்டிக்கு பூட்ஸ் போடற மனுசன எங்கனா கேள்விப்பட்டிருக்கியாடி? நடந்தா வண்டிக் குதுர வர்ற மாதிரி சத்தம்! கரண்ட நக்கிப் பாக்கற நாக்கு, அத அறுத்து காக்காய்க்குப் போட! வாரா வாரம் என்ன இங்க உக்கார வச்சி ஊரே வேடிக்க பாக்குது, டிக்கெட்டு ஒண்ணுதான் கிழிக்கல..."

"பியேன் மதாம், பியேன்! இன்னும்!" முசேவின் முகத்தில் மாப்பிள்ளைக் களை. எனக்கோ சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் நான் குலுங்கினால் நெற்றி ஆடும். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். நுரை தட்டியது. இடுக்கி தொட்டது. கொமிசேர் வேரோடு வெளியே வந்தார். முசே அவரை ஒரு வெள்ளைக் காகிதத்தில் படுக்க வைத்து, பூட்ஸ் இரண்டையும் சேர்த்து டக்கென்று தட்டிக் கடைசிச் சல்யூட் வைத்தார்.

அதன் பிறகு இரண்டு மாதம், தினமும் காலையில் மாமியாரை வெயிலில் உட்கார வைத்து இமையைப் பார்ப்பேன். ஒருநாள் கறுப்பாக ஒன்று தெரிந்தது. தொட்டுப் பார்த்தால் புருவத்திலிருந்து உதிர்ந்த முடி. ஊதினேன், பறந்துவிட்டது.

பெரிய டாக்டர் வெகுநேரம் பார்த்தார். "சரி, ஆஸ்பத்திரியில சேத்துடு, அறுத்துடலாம்" என்றார்.

அறுவை முடிந்து, தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து, அசையாமல் படுக்கப் போட்டிருந்தார்கள். கட்டுப் பிரித்தபோது வெளிச்சம் தெரிந்தது. சில வாரம் கழித்துத் தடிக் கண்ணாடி வந்தது. அதை மாட்டிக்கொண்ட அன்றைக்கே, "அவன எனக்குக் காட்டு" என்றார். வராந்தாக் கோடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். முசே பூட்ஸைத் துடைத்துக்கொண்டு விறைப்பாக வந்து நின்றார். மாமியார் மேலிருந்து கீழாக நிதானமாகப் பார்த்தார்.

"காதுல இன்னாடி, பொதரு மாதிரி?"

"முடி அத்த."

"ஊரு முடியெல்லாம் புடுங்கறவன் தன் முடிய வளத்துக்கினு கீறான் பாரு. இப்பிடி உக்காரு முசே, நான் புடுங்கறேன்."

முசே இரண்டு காதையும் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தார். "ஐயோ, வலிக்கும் மதாம்!"

மாமியார் அந்தக் கண்ணோடு பதினோரு வருஷம் இருந்தார். என் குழம்பில் உப்பு சரியாக இருக்கிறதா என்று தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டு ருசி பார்க்கச் சொல்வார். முசே எந்த வருஷம் ஆஸ்பத்திரியை விட்டுப் போனார், எங்கே போனார் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

இப்போது எனக்கு முழங்கால் வலி. காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போது உயிர் போகிறது. திட்டுவதற்கு மாமியார் இல்லை. மருமகள்கள் நல்ல பிள்ளைகள். அதனால் தினமும் காலைத் தரையில் ஊன்றும்போது முசேவைத்தான் திட்டுகிறேன்: "வேட்டிக்குப் பூட்ஸ் போட்ட மனுஷா, காதுல பொதரு வளத்தவனே, சொல்லாம கொள்ளாம எங்கய்யா போனே?"

வலி குறைந்துவிடுகிறது.