வயோலாக்காரியின் ஆதாரம்

இனிமேல் என் மனைவியிடம் இசையைப் பற்றி வாயே திறப்பதில்லை என்று திங்கட்கிழமை சபதம் எடுத்தேன். செவ்வாய்க்கிழமை பல் தேய்க்கும்போதே திறந்துவிட்டேன்.

நான் பத்திரிகையில் இசை விமரிசனம் எழுதுகிறவன். அவள் ஆர்கெஸ்ட்ராவில் வயோலா வாசிக்கிறவள், வயலினுக்கு அக்கா மாதிரி ஒரு வாத்தியம். ஒரு புது பாலே நாட்டியம் மேடையேற இருந்தது. கிரேக்கப் புராணக் கதை. செத்துப்போன மனைவியைப் பாதாளத்திலிருந்து கணவன் கூட்டி வருகிறான். மேலே வந்து சேரும்வரை திரும்பிப் பார்க்கக் கூடாது. பாவி, பார்த்துத் தொலைக்கிறான். அவள் போயேபோய்விடுகிறாள். அந்தக் காட்சியின் இசையை அலசி, நிகழ்ச்சி மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும். ஆர்கெஸ்ட்ராவை நடத்துகிறவர் எங்கள் இரண்டு பேரிடமும் கேட்டிருந்தார். எது சரியோ அதைப் போடுவாராம். நான் இருபது வருஷ விமரிசகன். வயோலாவிடம் தோற்றால் ஆபீஸில் எப்படித் தலைகாட்டுவது?

"நாயனம் மாதிரி அழற ஓபோதான் புருஷன். புல்லாங்குழல் பெண்டாட்டி. பின்னாலேயே வருது. திடீர்னு அஞ்சு தாளக் கட்டத்துக்குப் புல்லாங்குழலைக் காணோம். அன்பு தாங்காம திரும்பிடறான்," என்றேன், வாயில் நுரையோடு.

"அன்பாவது. சந்தேகம்."

"எதை வெச்சு சொல்றே?"

"அந்த அஞ்சு கட்டமும் நாங்க ரெண்டே சுரத்தைப் போட்டு அரிச்சிக்கிட்டே இருக்கோமே, கேக்கலையா?"

"வயோலாவை யாரு கேப்பாங்க?"

"அதான் உங்க கட்டுரை அப்படி இருக்கு."

"ஆம்பளை மனசு எனக்குத் தெரியும். எனக்கெல்லாம் சந்தேகமே வராது."

"சரிங்க."

அந்த 'சரிங்க' எனக்குப் பிடிக்கவில்லை. பதினெட்டு வருஷத்தில் அவள் இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதே கிடையாது.

அவள் குளிக்கப் போனதும் அவளுடைய இசைத்தாளைப் புரட்டினேன். ஆராய்ச்சிக்காகத்தான். வாசிக்கிறவர்கள் ஓரத்தில் பென்சிலால் கிறுக்கி வைப்பார்கள், 'மெதுவாக', 'இங்கே மூச்சு' என்று. அந்த ஐந்து கட்டத்துக்கு மேலே அவள் கிறுக்கியிருந்தது: 'வியாழன் ஆறு மணி. கீழ்த்தள அறை. அவருக்குத் தெரிய வேண்டாம்.'

'அவர்' என்றால் நான். கீழ்த்தள அறை டபுள் பேஸ் என்கிற ஆளுயர வாத்தியங்களை வைக்கிற இடம். அதை வாசிக்கிறவன் ஒரு தாடிக்காரன். "தாடி நல்லா வாசிக்கறார்" என்று போன மாதம் இரண்டு தடவை சொன்னாள். சாப்பிடும்போது மெல்ல ஆரம்பித்தேன்.

"வியாழக்கிழமை எங்கேயாவது போறியா?"

"ஏழு மணிக்கு ஒத்திகை. கொஞ்சம் முன்னாடியே கிளம்பறேன். ஏங்க?"

"சும்மா கேட்டேன்."

"சும்மாதானே?"

வியாழக்கிழமை அவள் முன்னால் போனாள். இருபதடி பின்னால் நான், குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு. மழை இல்லை. அவள் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. அரங்கத்தின் பின்வாசல் வழியாகப் படியிறங்கி, கீழ்த்தள அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கதவில் காதை வைத்தேன். ஒரு சத்தமும் இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. தள்ளித் திறந்தேன்.

உள்ளே நாலு பேர், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். என் மனைவி, தாடி, புல்லாங்குழல்காரம்மா, ஆர்கெஸ்ட்ராவை நடத்துகிறவர்.

"யாரும் திரும்பாதீங்க," என்றாள் என் மனைவி. "சத்தமே வரலைன்னா ஒரு புருஷன் எவ்வளவு நேரம் பொறுப்பான்னு கேட்டீங்களே சார். எண்ணினீங்களா?"

"நாலரைக் கட்டம்," என்றார் அவர்.

"மழை வந்தா நனைவியேன்னு குடை கொண்டுவந்தேன்," என்றேன்.

"அன்பு தாங்காமதானே?" என்றாள், அப்போதும் திரும்பாமல்.

மலரில் அவள் கட்டுரைதான் வந்தது. கடைசியில் 'ஆதாரங்கள்' என்று தலைப்புப் போட்டு, கீழே ஒரே ஒரு வரி: என் கணவர்.