வில் படாமல் வாசிக்கும் கலை

மனித குலத்தைக் கடைத்தேற்ற வந்த கண்டுபிடிப்புகள் என்று பார்த்தால், நெருப்புக்கும் சக்கரத்துக்கும் அடுத்தபடியாகக் குழந்தைகளுக்கான குழு வயலின் வகுப்பைத்தான் சொல்லவேண்டும். நம்பாதவர்கள் மேம்பாலத் துறையின் தலைமைப் பொறியாளரைப் பார்க்கட்டும். எட்டு வயதில் வயலினைத் தோளில் வைத்தார்; இன்று சுழல் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். நடுவில் நடந்ததெல்லாம் அந்த வகுப்பின் அருள்.

அவர் கற்றது இசை என்று நினைத்தால் அது உங்கள் குறுகிய பார்வை. வில்லைக் கம்பியில் படாமல் மயிரிழை உயரத்தில் இழுக்கக் கற்றார். பக்கத்துப் பையனின் முழங்கை ஏறினால் தன் முழங்கையும் ஏறவேண்டும். கடினமான இடம் வந்தால் புருவத்தைச் சுருக்கவேண்டும். கைதட்டும்போது மட்டும் எல்லோருக்கும் முன்னால் குனிந்து வணங்கவேண்டும். இந்த ‘வாழ்க்கைத் திறன்’களை ஒன்றுவிடாமல் அலுவலகத்துக்கு எடுத்துப்போனார். ஆலோசனைக் கூட்டங்களில் அவர் தலையாட்டும் அழகைப் பார்த்து, இவரை விட்டால் துறைக்கு நாதியில்லை என்று மேலிடம் முடிவுகட்டியது.

ஆகவே மகளையும் அதே வகுப்பில் சேர்த்தார். அங்கேதான் வினை. அந்தப் பெண் நிஜமாகவே வயலின் கற்க ஆரம்பித்துவிட்டாள்.

“அப்பா, மூணாவது வரி மட்டும் வரவே மாட்டேங்குது. ஆண்டு விழாவுல அதைச் சரியா வாசிக்கணும்ப்பா.”

“கண்ணு, அது வரணும்னு யாரு சொன்னா? வில்லு கம்பியில படாம பாத்துக்கோ. தப்பே வராது.”

“அப்ப யாருப்பா வாசிப்பாங்க?”

“பக்கத்துல இருக்கறவங்க.”

“அவங்களும் படாம வச்சுக்கிட்டா?”

“சேச்சே! அவ்வளவு பொறுப்பில்லாம யாரும் இருக்க மாட்டாங்க.”

தலைமைப் பொறியாளருக்குத் தாராள மனசு. வகுப்பு முடியும்வரை வராந்தாவில் காத்துக் கிடக்கும் பெற்றோர் ஒவ்வொருவரையும் தனியே அழைத்து, “உங்ககிட்ட மட்டும் சொல்றேன்” என்று அந்த வித்தையை ஓதினார். “ஐயையோ சார், இது தெரியாம பிள்ளையைப் போட்டு வதைச்சிட்டேனே!” என்று பல் மருத்துவர் ஒருவர் கண் கலங்கினார்.

ஆண்டு விழா வந்தது. ஆசிரியை கையை உயர்த்தினார். வில்கள் எல்லாம் ஒன்றாக எழுந்தன, ஒன்றாக இறங்கின. முழங்கைகளில் அப்படி ஓர் ஒற்றுமை! புருவங்கள் உரிய இடத்தில் சுருங்கின. மின்விசிறி கிறீச்சிடுவது மட்டும் வெகு துல்லியமாகக் கேட்டது.

“என்ன ஒரு கட்டுப்பாடு!” என்று பல் மருத்துவர் உருகினார்.

முதல் இரண்டு வரிகளுக்கு மகளும் அப்பா சொல்லைத் தட்டவில்லை. பிறகு இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். மூன்றாவது வரியில் வில்லைக் கம்பியில் வைத்து இழுத்தேவிட்டாள். பிசிறடித்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள். வரி வந்துவிட்டது. அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

அரங்கமே அதிர்ந்துபோனது.

“யாரு வீட்டுப் பொண்ணு இது? நல்லா போயிட்டிருந்ததைக் கெடுத்துடுச்சே!”

இந்த அடங்காப் பெண்ணைப் பெற்றவர் யார் என்று எல்லோரும் கழுத்தை வளைத்துத் தேடினார்கள். தலைமைப் பொறியாளரும் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு கூடவே தேடினார். மேடையிலிருந்து மகள் அதைப் பார்த்துவிட்டாள்.

வீடு திரும்பும்போது மகள் காரின் பின் இருக்கைக்குப் போய்விட்டாள். அவர் அடிக்கடி கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டார். மகள் வயலின் பெட்டியை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். வழக்கமான இடத்தில் வண்டி சந்துக்குள் வளைந்தது. நேரே போக வழியில்லை. அவருடைய துறை கட்டும் மேம்பாலம் அங்கே துருப்பிடித்த கம்பிகளை நீட்டிக்கொண்டு பாதியில் நிற்கிறது. மகள் பிறந்த வருடத்திலிருந்து அப்படித்தான் நிற்கிறது.

“அப்பா, இந்தப் பாலத்தை நீங்க மட்டும் தனியாவா கட்டுறீங்க?”

மகள் பேசிவிட்டாளே என்று அவருக்கு உயிர் வந்தது.

“தனியாவா? பெரிய குழு கண்ணு. நாங்க எல்லாரும் சேர்ந்துதான்.”

மகள் ஜன்னல் வழியே அந்தப் பாதிப் பாலத்தை ஒரு முறை நன்றாகப் பார்த்துக்கொண்டாள்.

“அதானே பாத்தேன். சத்தமே வரலையேன்னு.”