பின்கட்டிலிருந்து கேட்கும் இருமல் குறித்து

அனுப்புநர்: எர்மெலிந்தா காமார்கோ, முன்கட்டு, சான் ரோக்கே தெரு, துன்ஹா.
பெறுநர்: ஓதிலியா காமார்கோ, பின்கட்டு, அதே வீடு, அதே தெரு, அதே ஊர்.

பெருமதிப்பிற்குரிய இளைய சகோதரி அவர்கள் சமூகத்திற்கு, ஒரே கூரையின் மறுமுனையிலிருந்து மூத்த சகோதரி எழுதிக்கொள்வது.

இவ்விடம் யாவரும் நலம்; யாவரும் என்பது நான் ஒருத்திதான். தங்கள் நலத்தை வினவும் வழக்கமான வரியை இங்கே விட்டுவிடுகிறேன்; அந்த விவரம் முற்றத்தைத் தாண்டி நாள் முழுவதும் என் காதில் விழுந்துகொண்டிருக்கிறது. இக்கடிதம் என் கையிலிருந்து அஞ்சலகம் சென்று, நம் தபால்காரர் தட்டுகிற ஒரே கதவு முன்கட்டுக் கதவு என்பதால் மீண்டும் என் கைக்கே வந்து, பிறகு எதிர்வீட்டு உபால்தினாவின் மூலம் தங்களை அடையும் என்பதை நான் அறிவேன். ஆயினும், பேச்சுவார்த்தை இல்லாத இருவர் எழுத்தின் மூலம் தொடர்புகொள்வதே கண்ணியமான முறை என்று கருதுகிறேன். முற்றத்தில் நின்று கூவுவது என் இயல்பன்று.

நம்மிடையே பேச்சு நின்றதற்கான காரணத்தைத் தாங்கள் ஊரில் வேறு விதமாகச் சொல்லி வருவதாகக் கேள்விப்பட்டேன். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன். கடந்த ஜூன் மாத மழையில் எனக்கு மார்ச்சளி கண்டது. முதுகில் களிம்பு தேய்த்துவிடும்படி தங்களைக் கேட்டுக்கொண்டேன். தாங்கள் அப்போதுதான் பாதிரியாரின் வெள்ளை அங்கிகளுக்கு இஸ்திரி போட்டு முடித்திருந்தீர்கள். "இஸ்திரி போட்ட சூட்டுக் கையால குளிர்ச்சியைத் தொடச் சொல்றியே, என் விரலெல்லாம் இழுத்துக்கட்டும்னு பாக்கறியா?" என்றீர்கள். இஸ்திரி போட்ட கையால் பச்சைத் தண்ணீரைத் தொடக் கூடாது, குளிர்பதனப் பெட்டியைத் திறக்கக் கூடாது என்பது இவ்வூரில் பால்குடிக் குழந்தைக்கும் தெரிந்த விதி. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் களிம்பு குளிர்ச்சி அன்று, சூடு. பூசிய இடம் எரிகிறது. எரிவது எவ்விதம் குளிர்ச்சியாகும் என்று நிதானமாகவே கேட்டேன். "மொதல்ல எரியுது, அப்புறம் சில்லுனு ஆகுதே, அது என்னவாம்?" என்றீர்கள். வைத்திய நூலின் மூன்று தடித்த தொகுதிகளையும் இருமுறை வாசித்தவள் யார் என்று கேட்டேன். அதற்குத் தாங்கள் சொன்ன பதில் இதுதான்: "நீ ரேடியோவுல படிச்சவ அக்கா, நான் கன்னியாஸ்திரிங்ககிட்டப் படிச்சவ." அன்று மாலையே இந்த வீட்டில் அடுப்பு இரண்டாயிற்று. நான் முன்கட்டிலும் தாங்கள் பின்கட்டிலும் தனித்தனியே வெல்லத் தண்ணீர் கொதிக்கவைத்துக் குடிக்கிறோம். என்னுடையது நன்றாகவே இருக்கிறது. ஒரு கோப்பைக்கு எவ்வளவு வெல்லம் போடுவது என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை. கை பழக்கத்தில் இருவருக்குப் போட்டுவிடுகிறது.

இப்போது தங்கள் இருமலுக்கு வருகிறேன். முதலில் அது வெறும் வறட்டு இருமல், தொண்டையோடு நின்றது. அதைப் பொருட்படுத்தவில்லை. பிறகு அது கீழே இறங்கி, காலிப் பெட்டியைத் தட்டுவது போல நெஞ்சின் அடியிலிருந்து வரத் தொடங்கியது. அறிந்தவள் ஒருத்தி அறிந்தும் வாளாவிருப்பது பாவம் என்பதால், உறவு வேறு மருந்து வேறு என்று முடிவு செய்து, வெங்காயத்தை வளையம் வளையமாக அரிந்து, மேலே தேன் ஊற்றி, ஒரு சாடியில் ஊறவைத்து, முற்றத்தின் நட்டநடுவே துணி துவைக்கும் கல்லின் மீது வைத்தேன். அந்தக் கல் முன்கட்டுக்கும் சேராது, பின்கட்டுக்கும் சேராது. ஆகவே நான் கொடுத்ததாகவும் ஆகாது, தாங்கள் வாங்கியதாகவும் ஆகாது. மாலையில் சாடி காலியாக இருந்தது. என் மனம் எவ்வளவு நிறைந்தது என்பதை எழுதுவது முறையாகாது. மறுநாள் மாடியறைக் குடித்தனக்காரர் தோன் பொம்பிலியோ, பேருந்து நிலையத்துக்குக் கிளம்பியவர், தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்து நின்றார். "அம்மணி, கல்லு மேல வெச்சிருந்தீங்களே வெங்காய ஊறுகாய், பிரமாதம்! சோள அடைக்கு அப்படி ஒரு ஜோடி. உப்பு மட்டும் ஒரு கல்லு கூட இருந்திருக்கலாம்" என்றார். "அது ஊறுகாய் இல்லைங்க, என் தங்கச்சி இருமலுக்கு வெச்ச மருந்து!" என்றேன். அந்த மனிதர் வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "அதானா! காலையிலேர்ந்து தொண்டை மணி மாதிரி இருக்கேன்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கும்போதே பாடத் தொடங்கிவிட்டார். அன்று முதல் இந்த வீட்டில் ஒரு பக்கம் இருமல், ஒரு பக்கம் பாட்டு.

ஒருவர் கையையும் நம்பாத வைத்தியமாகச் செய்வோம் என்று அடுத்ததாகப் பெரிய பானையில் தைலமர இலையைப் போட்டு முற்றத்தில் கொதிக்கவைத்தேன். ஆவி தானாகவே மிதந்து தங்கள் சன்னலுக்குள் நுழையும், தாங்கள் தெரியாமலேயே மூச்சிழுப்பீர்கள், நெஞ்சு இளகும் என்பது கணக்கு. காற்று என்னைக் கேட்காமல் திரும்பியது. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்காகத் தாங்கள் வெளுத்து, இஸ்திரி போட்டு, கொடியில் காற்றாட விட்டிருந்த பாதிரியாரின் அங்கிகள் மூன்றும் அந்த ஆவி முழுவதையும் குடித்தன. அதன் விளைவைத் தாங்கள் படுக்கையில் இருந்ததால் பார்க்கவில்லை. நான் மூன்றாம் வரிசையிலிருந்து பார்த்தேன். பாதிரியார் கைகளை விரித்தபோதெல்லாம் முன்வரிசைக்கு மூக்கு திறந்தது. மறையுரை முடியும்வரை ஒருவர்கூட இருமவில்லை. பாதிரியார் மட்டும் கண்ணீர் தாரை தாரையாக வழியப் பிரசங்கித்தார். அதைப் பக்தி என்று எண்ணிப் பெண்கள் பகுதி முழுவதும் அழுதது. உபால்தினா எனக்கு முன்னால் விம்மி விம்மி அழுதுவிட்டு, வெளியே வந்ததும், "இந்த மாதிரி ஒரு பிரசங்கம் நான் கேட்டதே இல்லைக்கா. எதைப் பத்திச் சொன்னாரு?" என்று கேட்டாள். அதே உபால்தினாதான் மாலையில் தங்கள் வார்த்தையையும் கொண்டுவந்தாள்: "எங்கக்காகிட்டச் சொல்லு, என்னைக் கொல்லணும்னா நேரா வந்து கழுத்தை நெரிக்கட்டும், ஊரான் துணியைப் புகைய விட வேணாம்னு." ஆறு மாதத்தில் தாங்கள் என்னைக் குறித்துச் சொல்லியனுப்பிய முதல் வாக்கியம் அது. அதை அவளிடம் இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். தெளிவுக்காகத்தான்.

மூன்றாவதாக, வெல்லத் தண்ணீரில் எலுமிச்சையும் இஞ்சியும் இட்டு, சோம்புச் சாராயம் ஒரு மூடி விட்டு, கொதிக்கக் கொதிக்க உபால்தினாவின் கையில் கொடுத்தனுப்பினேன். அவள் திரும்பி வந்தபோது கோப்பை பாதியாக இருந்தது. கன்னம் சிவந்திருந்தது.

"குடிச்சாளா?" என்றேன்.

"அவ எங்க குடிச்சா அக்கா? வழியில ஆறிடுமேன்னு நான்தான் ரெண்டு மடக்கு குடிச்சேன். 'அவளே கொண்டாந்து குடுத்தா குடிக்கிறேன்'னு சொல்லிட்டா."

"மூத்தவ நான். முற்றத்தைத் தாண்டி வரவேண்டியவ அவ."

"காய்ச்சலோட படுத்திருக்கா அக்கா!"

"அப்ப படுத்திருக்கட்டும்."

"நல்லா இருக்கு கூத்து. ரெண்டு பேருக்கும் நடுவுல நடந்து நடந்து என் செருப்பு தேஞ்சதுதான் மிச்சம். இது என்ன முற்றமா, கடலா?" என்று சொல்லி, மீதி இருந்ததையும் குடித்துவிட்டுக் கோப்பையை என் மேசைமேல் வைத்தாள். அவளுக்கு இருமல் கிடையாது என்பதை இங்கே குறிப்பிட விரும்புகிறேன்.

இவற்றையெல்லாம் எழுதக் காரணமான செய்தி இன்று காலைதான் வந்தது. தங்கள் உள்ளங்காலில் களிம்பு தேய்த்து, கம்பளிக் காலுறை மாட்டிவிடும்படி உபால்தினாவை நான்தான் அனுப்பினேன். கால் வரைக்கும் தாங்கள் அனுமதித்தீர்களாம். முதுகையும் காட்டச் சொன்னதற்கு மாட்டேன் என்றுவிட்டீர்களாம். "என் முதுகை எங்கக்காவைத் தவிர யாரும் தேச்சதில்லை, உன் கை எனக்குக் கூசும்" என்றீர்களாம். இது போதாதென்று அவள் இன்னொன்றும் சொன்னாள். தங்கள் கட்டிலுக்கு அருகே, சுண்ணாம்புச் சுவரில், தோள்பட்டை உயரத்தில் அகலமாக ஓர் எண்ணெய்க் கறை இருக்கிறதாம். அறை முழுவதும் கற்பூர வாடையாம். "சுவத்துல களிம்பைப் பூசிட்டு, மாடு மரத்துல தேச்சுக்கற மாதிரி இவளா போயி தேச்சுக்கறா அக்கா" என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் போனபின் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

மூன்று தொகுதிகளிலும் எத்தனையோ வைத்தியம் எழுதியிருக்கிறது, ஓதிலியா. தன் முதுகைத் தானே தேய்த்துக்கொள்ளும் வழியை எந்த மகானும் எழுதவில்லை. ஜூன் மாதச் சளியின்போது நானும் மரக்கரண்டியில் துணி சுற்றி முயன்று பார்த்தேன். தோளுக்குக் கீழே கரண்டி விழுந்து, அங்கேயே மாட்டிக்கொண்டு, அதை எடுக்க இரவிக்கையையே கழற்ற வேண்டியதாயிற்று. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

சிறுவயதில் உருளைக்கிழங்கு வயலோரம் நாம் இருந்த நாளில், உனக்குச் சளி பிடித்தால் களிம்பு தேய்த்து, சூடு போகாமலிருக்க முதுகில் பழைய செய்தித்தாளை வைத்துக் கட்டிவிடுவேன். வீட்டில் அச்சடித்த காகிதம் என்றால் அது ஒன்றுதான். பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கு வானொலியிலேயே பாடம் நடத்திய வானொலிப் பள்ளியில் நான் அப்போது பாதி எழுத்துகள்தான் கற்றிருந்தேன். காலையில் தாளை உரித்தால் மை முழுவதும் உன் முதுகில் ஒட்டியிருக்கும், இடவலம் மாறி. முகம் பார்க்கும் கண்ணாடியை உன் இடுப்போரம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு எழுத்து எழுத்தாகக் கூட்டுவேன். எனக்குத் தானாகவே விளங்கிய முதல் சொல், 'விலை'. ஒருநாள் ஓர் இரங்கல் அறிவிப்பு பதிந்திருந்தது. பெயர் உன் அக்குளுக்குள் போய்விட்டது. இறந்தது யாரென்று தெரியாமலேயே இருவரும் அவருக்காக வேண்டிக்கொண்டோம். நீ குப்புறப் படுத்துக்கொண்டு, "சீக்கிரம் படி அக்கா, குளுருது" என்பாய். நான் மெதுவாகத்தான் படிப்பேன். ரேடியோவில் படித்தவள் என்று நீ சொன்னதில் பாதிதான் உண்மை. மீதியை உன் முதுகில் படித்தேன்.

பொருளை விட்டு விலகிவிட்டேன், பொறுத்தருளவும். இக்கடிதத்தின் நோக்கம் யாதெனில்: தாங்கள் தயிர், பால், பச்சைத் தண்ணீர் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும், பனியில் தலைமூடாமல் முற்றத்துக்கு வரக் கூடாது, இருமலை என் வாசிப்பு நேரமான மாலைப்பொழுதில் இயன்றவரை அடக்கிக்கொள்ள வேண்டும். நமது நிலைமையில் மாற்றம் ஏதுமில்லை என்பதையும் தெளிவுபடுத்துகிறேன். களிம்பு குறித்த என் கருத்தும் மாறவில்லை. இக்கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டாம். என்னைப் பார்க்க வர வேண்டாம். நானும் வருவதாக இல்லை.

தொண்டைக்குப் பொறுப்பான புனித பிளாசியார் தங்களை, தம் திருநாளில் கழுத்தில் வைத்து ஆசீர்வதிக்கும் இரு மெழுகுவர்த்திகளுக்கிடையே வைத்துக் காப்பாராக. தங்கள் பூனைக்கு என் விசாரிப்புகள். அது மட்டும் இரண்டு அடுப்படியிலும் சாப்பிடுகிறது.

இங்ஙனம்,
தங்கள் மீது எவ்வித வருத்தமும் இல்லாத,
எர்மெலிந்தா காமார்கோ

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் உன் இருமல் நின்றுவிட்டது. நல்லது என்று எழுத நினைத்தேன். முற்றத்தில் தூறல் விழுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. தோன் பொம்பிலியோகூடப் பாடவில்லை. எழுந்து சன்னலருகே நின்று பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரே ஒரு தடவை இருமேன், ஓதி.

இருமிவிட்டாய். என் பேனா கீழே விழுந்து, தரையெல்லாம் மை.

மேலே எழுதிய எதையும் படிக்காதே. அஞ்சலகத்துக்கும் கொடுக்கப் போவதில்லை; உன் கதவடியில் நானே தள்ளிவிட்டு வெளியே நிற்கிறேன். தூறலில் நிற்கிறேன் என்பதை நினைவில் வை. தாழ்ப்பாளை எடுத்துவிட்டு, போய்க் குப்புறப் படுத்துக்கொள், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள். முகம் பார்த்தால் பேச வேண்டி வரும். பேசினால் ஒருத்தி ஜெயிக்க வேண்டி வரும். அதெல்லாம் தேய்த்து முடித்த பிறகு.