கண்ணை மூடினால் கைகூடும்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு செய்த ஆகப் பெரிய கண்டுபிடிப்பு, கண்ணை இறுக்கி மூடினால் நினைத்தது கைகூடும் என்பதுதான். இந்தப் பேருண்மையை அறுபத்து மூன்றாம் ஆண்டு தை மாதம் கண்டாவளைப் பக்கத்துக் குடியேற்றத் திட்டத்துக்குக் கொண்டுவந்த பெருமை, ‘கிராம மனமலர்ச்சிப் பிரிவு’ உத்தியோகத்தர் திருவாளர் கதிர்காமநாதன் அவர்களையே சாரும். அதற்கு முன் அங்கிருந்த சனங்கள், பாவம், எதை அடைவதற்கும் மண்வெட்டியையே நம்பிக் கிடந்தார்கள்.

விமலேஸ்வரியும் அப்படிக் கிடந்தவள்தான். சாவகச்சேரியிலிருந்து புருஷன் சின்னராசாவோடு வந்து, காடு வெட்டி, வாய்க்கால் ஓரத்தில் வயல் செய்தவள். அவளுக்கு ஒரேயொரு கனவு இருந்தது: தையல் மெசின். பரந்தன் சந்திக் கடையில் அதைத் தடவிப் பார்த்தும் வந்திருந்தாள். அந்தப் போகத்து நெல் வீடு வந்தால் மெசின் வரும். மெசின் வந்தால் குடியேற்றத்துப் பிள்ளைகளின் சட்டையெல்லாம் அவள் கையால்தான். இடையில் நின்றது கிளி. கதிர் முற்றுகிற நாளில் காலையில் கூட்டம் கூட்டமாக வந்து விழும். ஆகையால் விடிந்ததிலிருந்து வரம்பில் நின்று, மண்ணெண்ணெய்த் தகரத்தில் தடியால் அடித்துக்கொண்டிருப்பாள். விஞ்ஞானத்துக்குக் கொஞ்சமும் ஒவ்வாத முறை.

கதிர்காமநாதன் ‘மனமலர்ச்சி வாரம்’ அறிவித்தார். ஒவ்வொரு நாளும் காலையில் கூட்டம். வராதவர்களுக்கு அடுத்த போகத்தில் தண்ணீர் முறை கடைசியில்தான் என்று ‘அன்பாக’ச் சொல்லியனுப்பப்பட்டது. எனவே சனங்கள் தாமாகவே திரண்டார்கள். கொழும்பிலிருந்து வந்த படம் பிடிக்கிறவர், படத்தின் பின்னணியில் வயல் விழவேண்டும் என்று சொன்னதால், எல்லாரையும் வாய்க்கால் கரையில் வயலுக்கு முதுகு காட்டி இருத்தினார்கள்.

“முதலிலை அந்தத் தகரத்தைக் கீழை வையும், பிள்ளை,” என்றார் உத்தியோகத்தர்.

“ஐயா, கிளி விழுகிற நேரம்…” என்றாள் விமலேஸ்வரி.

“இதுதான் அவநம்பிக்கை! கிளியை நினைச்சால் கிளிதான் வரும். உம்மடை இலட்சியத்தை நினையும்.”

“என்ரை இலட்சியம் கிளி தின்னாத நெல்லுத்தான் ஐயா.”

“பாத்தீரே, அதுக்குள்ளையும் கிளி!”

சபை சிரித்தது. விமலேஸ்வரி தகரத்தைக் கீழே வைத்தாள்.

முறை மிகவும் எளியது. கண்ணை மூட வேண்டும். விரும்பியது கிடைத்துவிட்டதாகக் காண வேண்டும். பிறகு, கிடைத்த சந்தோஷத்தில் சிரிக்க வேண்டும். இரவு முழுக்கப் பன்றிக் காவல் இருந்துவிட்டு வந்த சின்னராசா கண்ணை மூடிய மறுகணமே குறட்டை விட்டான்.

“பாருங்கோ, பாருங்கோ! இதுதான் ஆழ்நிலை!” என்று உத்தியோகத்தர் புல்லரித்துப் போனார்.

விமலேஸ்வரியின் முதுகுக்குப் பின்னால் ‘கீ கீ’ என்று கேட்டது. ஒரு கண்ணை மெல்லத் திறந்தாள்.

“திறக்காதையும்! திறந்தால் பலன் போயிடும்!”

மூடினாள். மூடிய கண்ணுக்குள் மெசினைத் தேடினாள், வரவில்லை. கதிர் முறிகிற சத்தம்தான் வந்தது. படம் பிடிக்கிறவர், “கொஞ்சம் சிரியுங்கோ அம்மா,” என்றார். சிரித்தாள். அத்தனை பேரிலும் உத்தியோகத்தர் ஒருவர்தான் கண்ணை மூடவில்லை. இரண்டு கையையும் அகல விரித்தபடி அவர் கமராவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வாரம் இனிதே நிறைவெய்தியது. வயலில் பயிர் முன்னெப்போதும் இல்லாதபடி நிமிர்ந்து நின்றது. கதிரில் பாரம் இருந்தால்தானே குனியும்?

முறை பலிக்காது என்று முணுமுணுத்தவர்கள் வெட்கித் தலைகுனிய வேண்டியதாயிற்று. அந்தப் படத்துக்குக் கொழும்பில் முதற்பரிசு கிடைத்தது. கதிர்காமநாதன் நெடுநாள் கனவு கண்ட கொழும்பு மாற்றம் பதவியுயர்வோடு கிடைத்தது.

விமலேஸ்வரி பயிரழிவுக்கு நட்டஈடு கேட்டுக் கிளிநொச்சிக் கந்தோருக்குப் போனாள். அங்கே புதிதாக வந்திருந்த உத்தியோகத்தர் யோகநாதன் கதிரையில் சாய்ந்தபடி கேட்டார்:

“கிளி திண்டது எண்டதுக்கு என்ன அத்தாட்சி?”

“உங்கடை சுவரிலையே தொங்குது, ஐயா.”

வாசலோரச் சுவரில் அந்தப் படம் பெரிதாகச் சட்டமிடப்பட்டுத் தொங்கியது. நடுவில் கையை விரித்த கதிர்காமநாதன். முன்னால் கண்மூடிய சனம். பின்னால் வயலை மூடிக்கொண்டு கிளிகள்.

யோகநாதன் எழுந்து போய், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். “ஓம், கிளி தெரியுதுதான். ஆனால் நீங்கள் எல்லாரும் நித்திரையெல்லோ கொள்ளுறியள்! உம்மடை மனுசன் வாயையும் பிளந்துகொண்டு! காவல் நேரத்திலை நித்திரை கொண்டவைக்கு நட்டஈடு குடுக்கச் சட்டத்திலை இடமில்லை. நீர் வேறை சிரிச்சுக்கொண்டு இருக்கிறீர்.”

விமலேஸ்வரி மிகப் பணிவாகச் சொன்னாள்:

“அப்ப ஐயா, நீங்கள் கதிரையிலை இருந்து ஒருக்கால் கண்ணை மூடுங்கோ. எனக்கு நட்டஈடு தந்திட்டதாக் காணுங்கோ. எனக்கு அது போதும்.”

அரசாங்கத்துக்கு ஒரு சதமும் செலவில்லாத கோரிக்கை. யோகநாதன் மகிழ்ச்சியோடு கண்ணை மூடினார்.

“இறுக்கி மூடுங்கோ ஐயா. இனிச் சிரியுங்கோ.”

சிரித்தார். வெகுநேரம் சிரித்தார். கண்ணைத் திறந்தபோது சுவரில் ஆணி மட்டும் இருந்தது.

அடுத்த போகம் கதிர் முற்றியபோது, விமலேஸ்வரியின் வயல் நடுவே ஒரு கம்பில் அந்தப் படம் கிளி விரட்டும் வெருளியாக நின்றது. கையை விரித்த பெரிய மனிதர். வெருளிக்கு இதைவிட வாய்ப்பான தோற்றம் கிடைக்காது. சின்னராசா நம்பிக்கையோடு வரம்பில் குந்தியிருந்து பார்த்தான். கிளிக்கூட்டம் வந்தது. ஒருதரம் சுற்றியது. பிறகு படச்சட்டத்தின் மேலேயே வரிசையாக இறங்கி, சாவகாசமாகச் சொண்டைத் தீட்டியது.

“என்னப்பா இது, ஒரு துளியும் பயப்பிடுதுகளில்லையே!” என்றான்.

விமலேஸ்வரி தகரத்தையும் தடியையும் கையில் எடுத்தாள்.

“அதுகள் ஏனப்பா பயப்பிடோணும்? நிக்கிறது தங்கடை ஆளெல்லோ!”