முன் ரூம் முதலாளி

கத்தார் வேலையை ஒரேயடியாக முடித்துக்கொண்டு வந்திருந்த ராஜா முகமது, புதுக்கோட்டையில் நடந்த ஒருநாள் தொழில் பயிற்சிக்குப் போய்விட்டுக் கோட்டைப்பட்டினத்து வீட்டுக்குள் நுழைந்தபோது, நடையே மாறிப்போயிருந்தது. காலையில் சும்மா போன மனுஷர், சாயங்காலம் முதலாளியாகத் திரும்பியிருந்தார். தொழில்தான் இன்னும் வந்து சேரவில்லை.

"ரம்லத்! இனிமே எவன்கிட்டயும் கைகட்டி நிக்க மாட்டேன். தொழில் தொடங்கப் போறேன்!"

"தொடங்குங்க மச்சான்," என்றாள் மனைவி, இறால் உரித்துக்கொண்டே. "செருப்பை வெளிய கழட்டிட்டு வந்து தொடங்குங்க."

மனுஷர் அசரவில்லை. அவர் திட்டம் இதுதான்: மீனைக் கழுவி, வெட்டி, ரம்லத்தின் மசாலாவைத் தடவி, டப்பாவில் அடைத்து விற்பது. வாங்குகிறவர்கள் எண்ணெயில் போட்டு எடுத்தால் போதும். அந்த மசாலாவுக்கு ஊரே அடிமை, அதில் பொய்யே கிடையாது.

"கடை எங்க போடப் போறீங்க?"

"இங்கதான், நம்ம முன் ரூம்ல. வாடகையில்லாத இடமாப் பாத்துத் தொடங்குன்னு பயிற்சி குடுத்த சார் சொல்லிட்டாரு."

இறால் உரித்த கை நின்றுவிட்டது.

நிற்காதா பின்னே? அந்த ஊர் வழக்கப்படி அவளைப் பெற்ற அத்தா கல்யாணத்துக்குச் சீராகக் கொடுத்த வீடு அது. புருஷன் கத்தாரில் இருந்த காலமெல்லாம் சாயங்காலம் அஸர் தொழுததும் தெருப் பெண்கள் கூடுகிற இடம் அந்த முன் ரூம்தான். டீ, முறுக்கு, ஊர்க்கதை, ஒரே சிரிப்பு. இவர் வந்ததிலிருந்து எல்லாம் போச்சு. வாசலில் எட்டிப் பார்க்கிறவர்கள் "அண்ணன் இருக்காங்களா? அப்ப பொறவு வாரேன்" என்று திரும்பிவிடுகிறார்கள். இவரோ சூப்பர் மார்க்கெட்டில் வேலை பார்த்த பழக்கத்தில் அடுக்களை டப்பாக்களையெல்லாம் தேதி ஒட்டி இடம் மாற்றி அடுக்க, அன்றைய டீயில் அவளே உப்பைப் போட்டாள். இப்போது முன் ரூமும் வேண்டுமாம்!

ரம்லத்துக்கு வயிறு எரிந்தது. ஆனால் முகம் சிரித்தது.

"நல்ல ரோசனை மச்சான். வேற என்ன சொன்னாங்க?"

"வாங்குறவன் யாருன்னு மொதல்ல பாக்கணும். கொஞ்சமா செஞ்சு குடுத்துப் பாத்துட்டுத்தான் பெருசா எறங்கணும்."

"அப்ப நாளைக்கே பாத்துருவோம். நான் ஆளைக் கூட்டியாரேன்."

மறுநாள் முன் ரூமில் மேஜை போட்டாகிவிட்டது. ராஜா முகமது இஸ்திரி போட்ட சட்டையில் நின்றார். பக்கத்து வீட்டு பவுசியா தலைமையில் தெருவே வந்து, பொரித்து வைத்த மீனை ஒரு கை பார்த்தது.

"அருமைண்ணே! அல்லாவே, என்னா ருசி!"

"அப்ப ஆளுக்கு ஒரு டப்பா போட்ரவா?"

"எதுக்குண்ணே?" என்றாள் பவுசியா. "எங்க வீட்டுல ஃப்ரிட்ஜைத் தொறந்தாலே மீனு மூஞ்சியில விழுகுது. எங்கண்ணன் படகு இப்பத்தான் கரைக்கு வந்துச்சு. ஒங்களுக்கு ஒரு கூடை அனுப்பவா?"

பொழுது சாய்வதற்குள் ஒரு டப்பாகூடப் போகவில்லை. உள்ளேதான் கூடை கூடையாக மீன் வந்து சேர்ந்தது, அத்தனையும் இலவசம்.

ராஜா முகமது தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். மறுபடி பாஸ்போர்ட்டைத் தூக்க வேண்டியதுதானா? ராத்திரிச் சோறு வீட்டில் தின்கிற மாதிரி ஒரு பிழைப்பு வேண்டும், அதற்குத்தானே ஏங்கினார். ரம்லத்துக்கே பாவமாகப் போய்விட்டது. அவருக்குப் பிழைப்பும் வேண்டும், அவளுக்கு ரூமும் வேண்டும். டீயை நீட்டினாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது மச்சான். மீனே கெடைக்காத ஊருன்னு எதுவும் இருக்குமா?"

"இரு, குறுக்க பேசாத. எனக்கு ஒரு ரோசனை வருது. மீன் கெடைக்காத ஊருல விக்கணும்!"

"அடேயப்பா! ஒங்களுக்கு மட்டும் எப்படி மச்சான் தோணுது?"

"அறந்தாங்கி?"

"அங்க பெரிய மார்க்கெட்டு இருக்கே. இன்னும் அங்கிட்டுப் போங்க."

"ஆலங்குடி?"

"இன்னுங் கொஞ்சம்."

"திருவரங்குளம்!"

"அட! என் கூடப் படிச்ச இசைவாணி அங்கதான டீச்சரா இருக்கா. மறந்தே போச்சு பாருங்க."

"அப்ப வெள்ளிக்கிழமை கெளம்புறேன்."

"வெள்ளிக்கிழமை ஒங்களுக்கு ஜும்மா, அந்த ஊருக்காரங்க அன்னைக்கு மீனு, கவுச்சி எதையும் தொட மாட்டாங்க. புதன்கிழமை போங்க."

புதன்கிழமை ஐஸ் பெட்டியோடு பஸ் ஏறினார். இசைவாணியின் பள்ளிக்கூடம் விட்டதுதான் தெரியும், வீட்டுக்குப் போய்ச் சமைக்க வேண்டிய டீச்சர்கள் மொய்த்துவிட்டார்கள். அவர் விலை சொல்லி முடிப்பதற்குள் பெட்டி காலி. இசைவாணி கையோடு ஒரு கடையைக் காட்டினாள். வெள்ளையடித்து, குழாய் மாட்டி, கூட்டிப் பெருக்கித் தயாராக இருந்தது. அவ்வளவு அவசரமாக அதை யார் தயார் செய்தார்கள் என்று கேட்க நம்மாளுக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்தவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ரம்லத், மனசைத் தேத்திக்க. ஒன் முன் ரூம் எனக்குத் தோதுப்படாது. கடை திருவரங்குளத்துலதான். விடியக்காலை சுபுஹு தொழுதுட்டுக் கெளம்புனா, பொழுதடைஞ்சு மஃரிபுக்குத்தான் வருவேன். தொழில்னா அப்படித்தான், நீ தடுக்காத."

"நான் எங்க தடுக்குறேன்? டிபன் கேரியர் போன வாரமே வாங்கி வச்சுட்டேன்."

என்ன ஒத்துழைப்பு என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

கடை பிடித்துக்கொண்டது. 'ராஜா மசாலா மீன்' என்று போர்டும் ஏறியது. ஒருநாள் மதியத்துக்குள்ளேயே எல்லாம் விற்றுத் தீர, நல்ல சேதியைச் சொல்ல அஸர் நேரத்துக்கே ஓடி வந்தார். வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. உள்ளே டீ டம்ளர் சத்தம், சிரிப்பு. நாம் வந்தது தெரியட்டும் என்று இருமப் போனவர், பவுசியாவின் குரல் கேட்டு அப்படியே நின்றார்.

"ரம்லத்தக்கா, எங்க வீட்டுக்காரரு சவூதியை முடிச்சுட்டு அடுத்த மாசம் வாராரு. அவருக்கும் இது மாதிரி ஒரு ஊரு பாத்து வைங்க. திருவரங்குளத்தைத் தாண்டி இருந்தா இன்னும் நல்லது."